பரண்மேல் ஒரு கச்சேரி

பொங்கலோ தீபாவளியோ நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் பரண் சுத்தம் செய்யும் வைபவம் ஆரம்பமாகிவிடும். ஏணியின் மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் தும்மல். மேலிருந்து ஒவ்வொரு சாமானாக இறங்கும்போதும், "இது இன்னும் எதற்கு?" என்று ஒரு கேள்வி பிறக்கும். பித்தளை அண்டா பதில் சொல்லிவிடும். "எனக்கு விலை உண்டு" என்று அதன் கனமே சொல்லும். பதில் சொல்லத் தெரியாத சாமான்கள் வாசலில் மணி அடித்துக்கொண்டு வரும் பழைய சாமான் வண்டிக்குப் போய்ச் சேரும்.

அப்படிப் பதில் சொல்லத் தெரியாத ஒரு தகரப் பெட்டியைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப்போகிறேன்.

விழுப்புரத்திலிருந்து கடலூர் போகும் ரயிலில் பண்ருட்டியைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் மேல்பட்டாம்பாக்கம். அதற்கும் அடுத்தது நெல்லிக்குப்பம். கரும்பு ஆலை ஓடும் நாட்களில் காற்றில் ஒரு வெல்லப்பாகு வாசனை கலந்து வரும். குழந்தையாக இருந்தபோது அந்த வாசனை வந்ததும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவேன். மேல்பட்டாம்பாக்கத்தில் என் பெரியப்பா வீடு. பள்ளிக்கூட விடுமுறைகளில் பாதி எனக்கு அங்கேதான் கழிந்தது.

பெரியப்பா இப்போது இல்லை. பெரியம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. "பரணைக் காலி பண்ணணும். ஒரு நாள் வந்துட்டுப் போ" என்று சென்ற மாதம் டெலிபோனில் சொன்னார். போனேன். ஏணியில் ஏறினவள் நான். மூன்றாவதாக இறங்கியது அந்தத் தகரப் பெட்டி.

திறந்தால் உள்ளே கேஸட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பெரியப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. வித்துவான் பெயர், பக்கவாத்தியம், தேதி, எந்த வானொலி நிலையம், எத்தனை நிமிஷம் எல்லாம் கணக்குப் புத்தகம் மாதிரி எழுதியிருந்தன. கரும்பு ஆலையில் கணக்கு எழுதின கை அல்லவா?

"மொத்தம் நாப்பத்தொண்ணு இருந்துது. தானே புயலன்னிக்கு ஓடு பறந்து தண்ணி இறங்கினதுல பதினாலு போச்சு. மிச்சம் இருபத்தேழு" என்றார் பெரியம்மா. 2011 டிசம்பர் 30-ம் தேதி கரை கடந்த அந்தப் புயல் கடலூர்ச் சீமையில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை நாம் பத்திரிகையில் படித்தோம். 14 கச்சேரிகளையும் கொண்டுபோன சங்கதி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

"ஒருத்தரும் கேட்கறதில்லே. கேட்கிற பெட்டியும் இல்லே. இது இன்னும் எதுக்கு, சொல்லு?" என்றார் பெரியம்மா.

எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. காரணம் பழையது, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

✽

1981-ம் வருஷம் கோடை விடுமுறை. எனக்கு வயசு 13. பெரியப்பா அப்போதுதான் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த 'டூ-இன்-ஒன்' ஒன்று வாங்கியிருந்தார். ஓர் இரவு வானொலியில் மதுரை மணி ஐயரின் பழைய கச்சேரி ஒன்றைத் திரும்ப ஒலிபரப்பினார்கள். மணி ஐயர் காலமாகி அப்போது 13 வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பா சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொண்டு, 90 நிமிஷக் கேஸட்டைப் போட்டு, ஒரு பக்கம் முடிந்ததும் அரை நிமிஷத்துக்குள் திருப்பிப் போட்டு, பிரசவ அறை வாசலில் நிற்பவர் போலத் தவித்துக்கொண்டு அதைப் பதிவு செய்தார். மறுநாள் காலை முதல் வேலையாகக் கேஸட்டின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களை உடைத்தார். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது, பொத்தான் அமுங்காது. "இனிமே யாரும் இதை அழிக்க முடியாது" என்று என்னிடம் காட்டிச் சந்தோஷப்பட்டார்.

அழித்தவள் நான்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி சொல்லிக்கொடுத்திருந்தாள், அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துச் செருகினால் பொத்தான் அமுங்கும் என்று. விவித பாரதியில் எனக்குப் பிடித்த சினிமாப் பாட்டுகள் வரும் நேரம். வீட்டில் வேறு காலி கேஸட் இல்லை. பெரியப்பா ஆலைக்குப் போயிருந்தார். செருகினேன். ஒரு பக்கம் முழுவதும், இன்னொரு பக்கத்தில் பெரும்பகுதியும் சினிமாப் பாட்டு ஏறிற்று.

சாயங்காலம் அவருக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பார் என்று சமையலறைக் கதவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "போகட்டும். உன் பாட்டாவது நல்லாப் பதிஞ்சிருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடித்திருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

✽

இப்படிப்பட்ட பாவத்தைச் செய்தவள் நான் ஒருத்திதான் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். லண்டன் மாநகரத்து பி.பி.சி. வானொலியும் அதே காரியத்தைச் செய்தது என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது!

'பீட்டில்ஸ்' என்ற இங்கிலீஷ் பாட்டுக் குழுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லிவர்பூல் நகரத்து நாலு இளைஞர்கள். 1968-ல் ரிஷிகேசத்துக்கு வந்து ஆசிரமத்தில் தங்கித் தியானம் பழகினார்களே, அவர்கள்தான். அவர்களுடைய முதல் சொந்த இசைத்தட்டு 1962 அக்டோபரில் வெளிவந்தது. ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே, பி.பி.சி. வானொலி அவர்களைப் பாடவைத்துவிட்டது. அன்று முதல் 1965 ஜூன் வரை அவர்கள் வானொலிக்கென்று பாடியது 275 தடவை. பாட்டுகளின் எண்ணிக்கை 88. 1963 கோடையில் 15 வாரம் அவர்கள் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது.

தட்டை வாங்கிச் சுழலவிட்டால் போதாதா, ஆளையே கூப்பிட்டுப் பாடவைப்பானேன் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் பி.பி.சி. தன் இஷ்டத்துக்கு இசைத்தட்டுகளைப் போட முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் தட்டு வைக்கலாம் என்று தட்டுக் கம்பெனிகளோடும் வாத்தியக்காரர் சங்கத்தோடும் ஒப்பந்தம் இருந்தது. எல்லோரும் தட்டையே கேட்டுக்கொண்டிருந்தால் வாத்தியக்காரர்கள் எதைச் சாப்பிடுவது? ஆகவே மிச்ச நேரத்துக்குப் பாடகர்கள் ஸ்டூடியோவுக்கே வந்தாக வேண்டும். வந்தார்கள், நின்றார்கள், பாடினார்கள், அடுத்த ஊருக்கு வண்டி ஏறினார்கள்.

அப்படிப் பாடினதை நாடாவில் பிடித்து ஒலிபரப்பின பிறகு பி.பி.சி. என்ன செய்தது? பெரும்பாலானவற்றை அழித்துவிட்டு, அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தது. நாடாவுக்கு விலை அதிகம். வைக்க இடம் வேண்டும். இந்தப் பையன்களின் பாட்டை முப்பது வருஷம் கழித்து யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாம் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிப் புளி போட்டு வைக்கிறோமே, அந்த மாதிரிச் சிக்கனம்தான்.

1982-ல் பி.பி.சி.யில் கெவின் ஹௌலட் என்பவர் அந்தப் பழைய பாட்டுகளைத் தேடித் தொகுத்து ஒரு நிகழ்ச்சி தயாரித்தார். வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்புவதற்காகத் தட்டில் ஏற்றியிருந்த சில கிடைத்தன. ஆனால் நிலையத்திலேயே இல்லாமல் போன பல பாட்டுகள் வேறு ஓர் இடத்தில் இருந்தன. எங்கே தெரியுமா? நேயர்களின் வீடுகளில்! இருபது வருஷத்துக்கு முன் ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாதாரண ஜனங்கள் பிடித்து வைத்திருந்த நாடாக்கள் அவை.

நிலையத்திலும் வீடுகளிலுமாகத் தப்பிப் பிழைத்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து, 1994 நவம்பரில் இரண்டு குறுந்தட்டுகளாக வெளியிட்டார்கள். 56 பாட்டுகள். அவற்றில் 30 அதற்குமுன் அவர்களுடைய எந்தத் தட்டிலும் வராதவை. இங்கிலாந்தில் விற்பனையில் முதல் இடம் பிடித்தது. 2013-ல் இரண்டாம் தொகுதியும் வந்தது. உலகப் புகழ் பெற்ற ஒரு குழுவின் பாட்டைக் காப்பாற்றியதில் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்து மேஜைக்கும் பங்கு உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்!

✽

இனி நம் ஊருக்கு வருவோம்.

சென்னையில் வானொலிக்கு வயசு அதிகம். 1924-லேயே சிலர் கூடி ஒரு ரேடியோ சங்கம் வைத்து ஒலிபரப்பினார்கள். அது நடக்க முடியாமல் நின்றதும் 1930-ல் சென்னை நகரசபை எடுத்து நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-ல் திருச்சி நிலையமும் பிறந்தன. ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் எல்லாமே நேரடி ஒலிபரப்பு. வித்துவான் அங்கே வாயைத் திறந்தால் இங்கே நம் கூடத்தில் கேட்கும். அவர் மங்களம் பாடி முடித்தால் அத்தோடு சரி. பாடினதெல்லாம் காற்றோடு போயிற்று. 1947 ஆகஸ்டு 15 பிறந்த அந்த நள்ளிரவில் டி.கே. பட்டம்மாள் சென்னை வானொலி நிலையத்தில் பாரதியார் பாட்டுப் பாடினாரே, அதைக் கேட்டவர்கள் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லத்தான் முடிந்தது.

"தட்டில் இருக்கிறதே, போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. பழைய 78 சுற்று கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிஷந்தான். ஆலாபனை, கிருதி, நிரவல், ஸ்வரம் எல்லாவற்றையும் மூன்றரை நிமிஷத்தில் அடைப்பது ஒரு கல்யாண விருந்தை டிபன் கேரியரின் மேல் அடுக்கில் அடைப்பது மாதிரி. வானொலிக் கச்சேரியிலோ வித்துவான் காலை நீட்டி உட்கார்ந்து விஸ்தாரமாகப் பாடலாம். அதுவும் நம் சங்கீதத்தில் நேற்றுப் பாடின கல்யாணி இன்றைக்கு வராது. அந்த நிமிஷத்தில் மனசில் தோன்றினது அந்த நிமிஷத்தோடு சரி. மணி ஐயர் கிராமபோன் தட்டுக்கென்று பாடினது கொஞ்சம்; இன்று நாம் கேட்கும் மணி ஐயரில் பெரும்பகுதி கச்சேரி மேடையிலும் வானொலியிலும் பிடித்து வைத்ததுதான். அவற்றில் எத்தனையோ, சங்கீதப் பைத்தியம் பிடித்த ரசிகர்கள் தங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தவை.

வானொலிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1954-ல் டில்லியில் ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைக்கவும் நிலையங்களுக்குள் பரிமாறிக்கொள்ளவும் ஒரு பிரிவை ஏற்படுத்தினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றி, 'ஆகாசவாணி சங்கீத்' என்ற பெயரில் குறுந்தட்டுகளாகவும் விற்றார்கள். இருந்தாலும் அவ்வளவு பெரிய தேசத்தில், அத்தனை நிலையங்களில், அத்தனை வருஷங்களில் ஒலித்ததெல்லாம் பத்திரமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? அதனால்தான் மேல்பட்டாம்பாக்கத்துத் தகரப் பெட்டிக்கும் ஒரு மரியாதை வருகிறது.

✽

பெட்டியைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டுப் பழைய டேப் ரிக்கார்டரின் உள்ளே இருந்த ரப்பர் வார் மிட்டாய் மாதிரி உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ரிச்சி தெருவில் ஒரு பெரியவர் புது வார் போட்டு, முகப்பைத் துடைத்துக் கொடுத்தார். என் பிள்ளை அதைக் கணினியோடு ஒரு கம்பியால் இணைத்தான். ஒரு மாதம் எங்கள் வீட்டில் சாயங்காலம் தோறும் கச்சேரி.

முதலில் 1976-ம் வருஷத்துக் கேஸட் ஒன்றைப் போட்டோம். 'டூ-இன்-ஒன்' வருவதற்கு முன்னால், பெரியப்பா ரேடியோவுக்கு எதிரே ஒரு சின்ன ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த காலம். பாட்டோடு வீடும் சேர்ந்து பதிவாகியிருந்தது. பல்லவி நடந்துகொண்டிருக்கிறது, தூரத்தில் ரயில் ஊதுகிறது, நடுவில் ஓர் இளம் பெண்ணின் குரல், "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்கிறது. "உஸ்! பல்லவி முடியட்டும்" என்கிறார் பெரியப்பா, ரகசியம் பேசுவது போல.

அன்றிரவே பெரியம்மாவுக்கு டெலிபோன் செய்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்குப் பல்லவி முடியறதுக்குள்ள ரசம் ஆறிப்போச்சு" என்றார். பிறகு, "இன்னொரு தரம் போடு" என்றார்.

நான்கு தரம் போட்டேன்.

இருபத்தேழாவதாக மிஞ்சியிருந்த கேஸட்டை நான் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். என் கைவரிசை பதிந்த கேஸட்தான். பெரியப்பா அதைத் தூக்கி எறிந்திருப்பார், அல்லது வேறு கச்சேரிக்கு உபயோகித்திருப்பார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இல்லை. மேல் அட்டையில் மணி ஐயர் பெயரையும் தேதியையும் அடிக்காமல் அப்படியே விட்டிருந்தார். அதற்குக் கீழே வேறு மையில் எழுதியிருந்தது: "இதன்மேல் குழந்தை பதிவு செய்த சினிமாப் பாட்டு. கடைசி 12 நிமிஷம் மணி ஐயர். இரண்டும் பத்திரம்."

நான் செருகின காகிதத்தை எடுத்துவிட்டிருந்தார். மறுபடி யாரும் அழிக்கக்கூடாது என்றுதான். சினிமாப் பாட்டையும் சேர்த்து!

போட்டுப் பார்த்தோம். என் பாட்டுகள் வரிசையாக வந்தன. கடைசிப் பாட்டு பாதியில் நின்று, ஒரு 'டக்' சத்தம். அதன் பின்னால் மணி ஐயர். அந்த 12 நிமிஷத்தையும் நான் நின்றுகொண்டே கேட்டேன். உட்காரத் தோன்றவில்லை.

✽

சரி, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருந்தால் என்ன செய்வது? எனக்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கேஸட்டின் முதுகைப் பாருங்கள். பிளாஸ்டிக் பற்கள் முழுசாக இருந்தால் உடைத்துவிடுங்கள். என்னைப் போன்ற குழந்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு.

கண்ணாடி வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சணம். அதை ஓட்டவே கூடாது. மற்றக் கேஸட்டுகளுக்கும் ரிக்கார்டருக்கும் தொற்றிக்கொள்ளும். தனியே எடுத்து வைத்து, தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல கேஸட்டாக இருந்தாலும் எடுத்தவுடன் பாடவிட வேண்டாம். ஒரு தரம் கடைசி வரை சுற்றி, மறுபடி முதலுக்குக் கொண்டுவாருங்கள். வருஷக்கணக்காக ஒட்டிக்கிடந்த நாடா இளகும். 120 நிமிஷக் கேஸட்டில் நாடா மிகவும் மெல்லிசு; அதில் கூடுதல் ஜாக்கிரதை தேவை. சிக்கிக்கொண்டால் இழுக்காதீர்கள். பென்சிலைச் செருகி மெல்லச் சுற்றும் பழைய வித்தைதான் இன்றைக்கும் கைகொடுக்கிறது.

கணினியில் ஏற்றியதும் இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். யார், எப்போது, எங்கே என்பதை எழுதி வைக்க மறக்காதீர்கள். பெயர் தெரியாத கச்சேரி, முகவரி இல்லாத கடிதம் மாதிரி. மூலக் கேஸட்டை எறிய வேண்டாம். ஈரம் இல்லாத அலமாரியில், ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல், நிமிர்த்தி வையுங்கள். எல்லோரும் கேட்கும்படி வெளியிட ஆசைப்பட்டால், அதில் வித்துவானின் குடும்பத்துக்கும் வானொலிக்கும் உரிமை இருக்கலாம்; கேட்டுக்கொண்டு செய்வதுதான் அழகு.

வித்துவான்களின் கச்சேரிதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியின் தாலாட்டு, நலங்குப் பாட்டு, துபாயிலிருந்து அப்பா கேஸட்டில் பேசி அனுப்பின கடிதம், எதுவாக இருந்தாலும் சரி. தட்டுக் கம்பெனி எதுவும் அவற்றைத் தேடிக்கொண்டு வரப்போவதில்லை. தேட வேண்டியவர்கள் நாம்தான்.

பெரியம்மாவுக்கு 26 கேஸட்டுகளையும் ஒரு சின்ன விரல் அளவுக் குச்சியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். பதிலுக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று வந்து சேர்ந்தது. மறுநாள் டெலிபோனில் ஒரே கேள்வி:

"எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு குறையுதே! உன்னுது எங்கே?"

அதையும் அனுப்பிவைத்தேன், சினிமாப் பாட்டுகளோடு சேர்த்து. இரண்டும் பத்திரம் என்று பெரியப்பா எழுதி வைத்திருக்கிறாரே!